பிரேக் கேட்டவன்

ஒரே சொல்லிடம் இத்தனை வேலை வாங்கக் கூடாது என்பது என் கட்சி. ஆள் பற்றாத ஆபீஸில் இருக்கிற ஒரு குமாஸ்தாவின் மேஜையிலேயே எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்து குவிப்பார்களே, அப்படித்தான் எங்கள் பக்கத்தில் 'பிரேக்' என்ற சொல்லின் மேல் எல்லாவற்றையும் குவித்துவைத்திருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் திருவள்ளூரில் படித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு ஒரே பொருள்தான். ஸ்டேஷன் பக்கத்து வாடகை சைக்கிள் கடைக்காரர் வண்டியைக் கொடுக்கும்போது, "பிரேக் பாத்து எடுத்துக்கோ, அப்புறம் வந்து பேஜாரு பண்ணாத" என்பார். மற்றவர்கள் பார்க்காமல் ஏறிப் போய்விடுவார்கள். நான் இரண்டு கட்டைகளும் சக்கரத்தைச் சரியாகப் பிடிக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்று பிடிக்காது. அதைச் சொன்னால், "ஒண்ணு புடிக்குதில்ல, அப்புறம் இன்னா?" என்பார். அங்கேயே எனக்கு அந்தச் சொல்லின் மீது ஓர் எரிச்சல் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு அது பெருகியது. கேரம் ஆட்டத்தில் நடுவில் அடுக்கிய காய்களை முதலில் கலைப்பது பிரேக். கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு உட்கார்ந்து போகும் பெட்டி பிரேக். லாரிகளை மடக்கிச் சோதிக்கிற அதிகாரி பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் சக்கரத்தைப் பார்த்தாலும் சரி, விளக்கைப் பார்த்தாலும் சரி, பெயர் அதுதான். லாரி நடுரோட்டில் நின்றுபோனால் பிரேக் டவுன். சினிமா நன்றாக ஓடினால் ரெக்கார்டு பிரேக். டீ குடிக்கிற பத்து நிமிஷமும் பிரேக். ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள், எழுத்தும் வேறு பொருளும் வேறு என்று அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்ய? நிறுத்துவதும் உடைப்பதும் எங்கள் ஊர் வாயில் ஒன்றாகவே இருந்தன. யாரிடம் எடுத்துச் சொன்னாலும், "அதுக்கு இப்ப இன்னான்ற?" என்றுதான் கேட்டார்கள்.

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் காத்திருந்தது. என் வாழ்க்கையை அலைக்கழித்தது அந்தப் பொருள்தான்.

அது இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலை. அந்த வட்டாரத்தில் அப்போதுதான் ஒன்றிரண்டாகக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுற்றிலும் முள்காடு, செம்மண் ரோடு. நான் டெஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தா. எடை போட்டு ஏற்றிய லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுதிக் கொடுப்பது என் வேலை. கையில் பாஸை வாங்கும்போதே டிரைவர்கள், "எளாவூர் செக்போஸ்ட்ல பிரேக் இன்ஸ்பெக்டர் நிக்கறாரா சார்?" என்று கேட்பார்கள், ஏதோ நான் அங்கிருந்து இப்போதுதான் வந்ததுபோல. மீஞ்சூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலை பாசஞ்சரில் போய், சாயங்காலம் திரும்புவேன்.

நான் டெம்பரவரி. எங்களில் பாதிப் பேருக்கு மேல் டெம்பரவரிதான். ஒருவன் இடைவிடாமல் குறிப்பிட்ட காலம் வேலை செய்துவிட்டால் அவனைப் பர்மனென்ட் ஆக்க வேண்டிவரும். ஆகவே அந்தக் காலம் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவனை மூன்று நாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டு மறுபடியும் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மூன்று நாளுக்குப் பெயர் பிரேக். 'பிரேக் குடுத்துட்டாங்க' என்று அதை ஏதோ வெகுமதிபோலச் சொல்வார்கள்.

அதைக் கொடுக்கும் விதம்தான் எனக்குச் சகிக்கவில்லை. முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். வாசலில் காவலாளியின் அறைச் சுவரில் மரத்தாலான ரேக் ஒன்று இருந்தது. வரிசை வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய வருகை அட்டை. காலையில் வந்து நம் அட்டையை உருவி, கடிகார எந்திரத்தில் குத்திவிட்டு உள்ளே போக வேண்டும். ஒருநாள் காலையில் நம் அறை காலியாக இருக்கும். அவ்வளவுதான் தகவல். அட்டை இல்லையென்றால் பிரேக்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது யாருக்கும் தெரியாது. எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிடுவார்கள். திரும்பிப் போகலாம் என்றால் மத்தியானம் வரை ரயில் இல்லை. வேலை நேரத்தில் வீட்டுக்குப் போனால் தெருவே ஏன் என்று கேட்கும். தவிர, உள்ளே ஆள் போதாவிட்டால் சூப்பர்வைசர் வெளியே வந்து ஒருவரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். ஆகவே பிரேக்கில் உள்ளவர்கள் மூன்று நாளும் வேலைக்கு வருவதுபோலவே வந்து, வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் மற்றவர்களோடு சேர்ந்து ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். இதை யாரும் விதியாகப் போடவில்லை. எல்லோரும் அப்படியே செய்தார்கள். என்னைப்போல் ஒழுங்கு பேசுகிறவனும் செய்தேன்.

டீக்கடை பழவேற்காட்டிலிருந்து வந்த ஒரு பாயுடையது. கடைக்குப் பின்னால் கீற்றுப் பந்தல் போட்டு ஒரு கேரம் போர்டு வைத்திருந்தார். ரேக்கிலிருந்து திரும்பி வருகிறவனின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும்.

"இன்னா கிளார்க் சார், கார்டு காணோமா? வாங்க, குந்துங்க. நாஷ்டா துன்னீங்களா?"

"ஆச்சு பாய்."

"அப்ப போர்டாண்ட போங்க. ஆளு வெயிட்டிங்கு."

அங்கே எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கிரேன் ஓட்டுகிறவர். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்து ஆள். அவரும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் பிரேக்கும் எங்களுக்குச் சேர்ந்தே வரும். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தலைக்கு மேலே கொண்டுபோகிற மனிதர், காய்களை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"பிரேக் நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா? கம்பெனி நம்ம ரெண்டு பேருக்குமே பண்ணிடுச்சு."

ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் பந்தலே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

வராததற்குக் காரணம் இருந்தது. திருவள்ளூரில் இருந்த என் அண்ணன் எனக்கு ஊத்துக்கோட்டையில் ஒரு பெண் பார்த்திருந்தார். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் டெம்பரவரிதான். யாராவது பிரசவ லீவில் போனால் அந்த இடத்தில் இவளைப் போடுவார்கள். அவர் திரும்பி வந்ததும் இவளை அனுப்பிவிடுவார்கள். அவளுடைய அப்பா தனியார் பஸ் டிரைவர். ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் சில நாள் போவார். பெண் பார்த்து, பேசி, இரு பக்கமும் சம்மதம் என்றான பிறகு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மாப்ள, உங்க மேல எனக்குக் கொறையே கெடையாது. வண்டிக்கு பிரேக் இருக்கணும், வேலைக்கு பிரேக் இருக்கக் கூடாது. பர்மனென்ட்னு ஒரு கடுதாசி வரட்டும், மறுநாளே தேதி குறிச்சிடலாம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் தன் பேச்சைத் தானே ரசித்தார். அதைச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. கடிதம் எப்படி வரும்? வருவதற்குள் பிரேக் வந்துவிடும். அந்தக் கடிதம் வரக் கூடாது என்பதற்காகத்தான் பிரேக்கே. இதை நான் அவருக்கு மூன்று தடவை விளக்கினேன். ஒவ்வொரு தடவையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அதான், அந்தக் கடுதாசி வந்துட்டா போதும்" என்பார்.

புரிந்துகொண்டவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே கேட்டாள்.

"உங்க கம்பெனியில டெம்பரவரிக்கு லீவு உண்டா?"

"கிடையாது."

"அப்போ கல்யாணத்துக்கு எப்படி வருவீங்க?"

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவன், இதை யோசிக்கவில்லை.

"ஆறு மாசத்துல உங்களுக்குச் சேர்ந்தாப்ல ஓய்வுன்னு கிடைக்கிறது அந்த மூணு நாள் மட்டும்தான்" என்றாள். "அதுலயே வெச்சிட்டா இன்னா? பர்மனென்ட் ஆனதும்தான்னா, எனக்குத் தலை நரைச்சிடும். நைனாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் என்ன பேசினாளோ, எத்தனை நாள் பேசினாளோ, அவள் அப்பா ஒருவழியாக இறங்கி வந்தார். பிரேக் எப்போது வரும் என்று சொல்வது என் பொறுப்பாயிற்று. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்களுக்கு அது திடீரென்று விழுகிற இடி. நானோ என் டைரிகளைப் புரட்டி, முந்தைய பிரேக்குகள் எந்தெந்த வாரத்தில் வந்தன என்று எடுத்துவைத்து, அடுத்தது ஆவணியில் இன்ன வாரத்தில், திங்கள் முதல் புதன் வரை என்று உறுதியாகச் சொன்னேன். அது அதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தப் புதன்கிழமை நல்ல முகூர்த்தமாகவும் அமைந்தது. பத்திரிகை அடித்தார்கள். ஊத்துக்கோட்டையில் ஒரு சத்திரத்தைப் பேசினார்கள். அவள் தன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் சாப்பாட்டுத் தூக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அட்டை இல்லையென்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே பஸ் பிடித்து, நேரே ஊத்துக்கோட்டை போவதாக ஏற்பாடு.

ரேக்கில் என் அட்டை இருந்தது.

என்னுடையதுதானா என்று உருவிப் பார்த்தேன். என்னுடையதுதான். பக்கத்தில் கிரேன்காரருடையதும் இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் முதுகில் தட்டி, "குத்திட்டு நகரு சார்" என்றார். குத்தினேன். வேறு என்ன செய்வது?

உள்ளே போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. வடக்கே ஏதோ பாலம் கட்டுகிறார்களாம். அதற்குப் பெரிய ஆர்டர். யார்டு முழுக்க லாரிகள். இந்த மாதம் யாருக்கும் பிரேக் இல்லை. கிரேன்காரர் கிரேனிலிருந்து இறங்கி ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"சார்! வுட்டுட்டாங்க சார் நம்மள! இந்த வாரம் தாண்டிச்சின்னா நாம பர்மனென்ட்டு சார்!"

"எனக்குப் புதன்கிழமை கல்யாணம்" என்றேன்.

அவர் கைகள் தோளிலேயே இருந்தன. "அடப் பாவமே" என்றார்.

டீ நேரத்தில், ஆட்களைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் கவனிக்கிற பர்சனல் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார். பத்திரிகையை நீட்டினேன். வாழ்த்துச் சொன்னார்.

"சார், எனக்குப் புதன்கிழமை ஒருநாள் லீவு வேணும்."

"டெம்பரவரிக்கு லீவு கிடையாதே. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்போ, எனக்குப் பிரேக் கொடுத்துடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க பிரேக் கேக்கறீங்களா?"

"ஆமாம் சார்."

"பிரேக்ங்கறது நாங்க கொடுக்கறது. யாரும் கேட்டு வாங்கினதில்ல. அதுக்கு என்ன புரொசீஜர்னே எனக்குத் தெரியாது."

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொடுத்திருக்கீங்க. இந்த வாரமும் கொடுத்திருக்க வேண்டியது. அதை நம்பித்தான் தேதி வெச்சோம்."

"நம்பி வெச்சீங்களா?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அதை எப்படி நம்பினீங்க?"

ஒழுங்காக நடக்கிற ஒன்றை நம்புவதில் என்ன தப்பு? அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தத் தடவை விட்டுட்டோம்னா அர்த்தம் புரியுதில்ல? உங்களுக்கு நல்லது நடக்கப்போவுது. கெடுத்துக்காதீங்க. தேதியைத் தள்ளி வைங்க. கல்யாணத்தை எப்ப வேணும்னாலும் பண்ணிக்கலாம்." ஒன்றரை வருஷமாக எப்ப வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ள முடியாமல் இருந்தவனிடம் அதைச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேலையைத் தானாக விட்டுப்போனதாக எடுத்துக்கொள்வோம் என்றார்.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து ஊத்துக்கோட்டைக்குப் போனேன். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும், அவளுடைய அப்பாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அடடே! அப்போ கடுதாசி வரப்போவுது! மாப்ள, தள்ளி வெச்சிடுவோம். இன்னா இப்போ? தையில வெச்சிக்கலாம்."

"பத்திரிகை கொடுத்தாச்சே" என்றேன்.

"போனாப் போவுது. பர்மனென்ட்டு மாப்ளன்னு வேற பத்திரிகை அடிச்சிக்கலாம்."

உள்ளேயிருந்து அவள் வந்தாள். கையில் மருதாணி. அதனால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கார்டு இருக்கும்னு யாரு சொன்னது?" என்று என்னைக் கேட்டாள்.

"யாரும் சொல்லலை."

"நாளான்னைக்கு?"

"தெரியாது."

"ஆர்டர் முடிஞ்சிட்டா?"

"அப்போ மறுபடியும் எடுத்துடலாம். அவங்க இஷ்டம்."

"கேட்டுக்கினீங்களா நைனா?"

"கொஞ்சம் பிரேக் போடும்மா" என்றார் அவர். "எல்லாத்துலயும் அவசரம்."

"ஒன்றரை வருசமா நீங்க பிரேக்லயேதான் கால வெச்சிக்கினு இருக்கீங்க. வண்டி எங்கயாச்சும் போச்சா?"

பந்தல்காரன் மூங்கிலுக்குப் பின்னாலிருந்து சிரித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். "முடிவு நீங்கதான் சொல்லணும். வேலை உங்களுது. ஆனா தையில எனக்கு வேலை இருக்குமான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கு இருக்குமான்னு உங்களுக்குத் தெரியாது. எதை நம்பித் தேதி வெக்கிறது?"

இதே கேள்வியைத்தான் பர்சனல் ஆபீசரும் கேட்டிருந்தார். அவர் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. இவள் கேட்டபோது கோபம் வந்தது. இவள் மீது இல்லை. இரண்டு பேர் ஒரு நாளைக் குறித்துக்கொள்வதற்கு இத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று. புதன்கிழமை என்றால் புதன்கிழமை என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அட்டை இருந்தது. அதைக் குத்திவிட்டு, நேரே பர்சனல் ஆபீசுக்குப் போய், மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். என் சொந்த வேண்டுகோளின் பேரில் எனக்குப் பிரேக் அளிக்கும்படி. ஆபீசர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எதிர் மேஜைக்காரரிடம் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் உண்டியலில் காசு போட வந்தவன் தன் சட்டையையும் கழற்றிப் போட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. அன்று மாலை கேட்டில் காவலாளி என் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. மாமனார் எல்லோரிடமும், "மாப்ள லீவு போட்டுட்டு வந்துருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை இரண்டு பேரும் மீஞ்சூருக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனேன். என் அறை காலியாக இருந்தது. மூன்று நாள் ஆகட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமையும் இல்லை. அடுத்த திங்களும் இல்லை.

கேட்டால், "சொந்த வேண்டுகோளில் போனவங்களுக்கு மூணு நாள்னு கணக்கு கெடையாதே. தேவைப்படும்போது கூப்பிடுவோம்" என்றார்கள். என் மேஜையில் வேறு ஓர் ஆளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கம்பி எடை ஒரு பக்கம், லாரி எண் இன்னொரு பக்கம் என்று அவன் கேட் பாஸ்களை மாற்றி எழுதுகிறான் என்று டிரைவர்கள் டீக்கடைக்கு வந்து என்னிடம் புலம்பினார்கள். அது எனக்கு ஆறுதலாகவா இருக்கும்? இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கிரேன்காரருக்குக் கடிதம் வந்தது. டீ நேரத்தில் ஒரு பொட்டலம் லட்டோடு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். எனக்குத்தான் முதலில் கொடுத்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு?" என்றேன். லட்டைச் சாப்பிட்டேன். நல்ல லட்டு. அவருக்காக எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் திரும்பி ஓடும்போது, அவரோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன் நான் என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு போய் டீக்கடையில் உட்கார்ந்தேன். மனைவிக்கு எல்லாம் தெரியும். அவளிடம் மறைக்க எதுவும் இல்லை. போகாமல் இருந்தால் கூப்பிடும்போது ஆள் இல்லையென்று ஆகிவிடும், அதனால் போனேன். மாமனாருக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால், "அப்பவே சொன்னேன்" என்பார். அதை அவர் மகள் கேட்க வேண்டாம் என்றுதான்.

அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் நான் கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, ஊத்துக்கோட்டை பஸ் ஒன்று வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி வந்து, கடைக்கு எதிரே நின்றது. மாமனார் இறங்கினார். பஸ் நிறைய ஜனங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா மாப்ள, டீ டைமா?"

"ஆமாம் மாமா."

அவர் என் பக்கத்தில் இருந்த தூக்கைப் பார்த்தார். பின்னாலிருந்த கேரம் போர்டைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு டீ ஆற்றினார். நாற்பது வருஷமாக ரோட்டைப் பார்த்தே பிழைத்தவர் மாமனார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்றார்.

"அன்னையிலேர்ந்துதான்."

அப்போது பர்சனல் ஆபீசர் சாப்பாட்டுக்காகத் தன் ஸ்கூட்டரில் கேட்டைத் தாண்டி வந்தார். மாமனார் ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினார். ஆபீசர் வண்டியை நிறுத்தினார். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து மறிக்கிற காக்கிச் சட்டைக்காரரைக் கண்டால் யாரும் நிறுத்துவார்கள்.

"அய்யா, அதோ குந்திக்கினு இருக்காரே, எம் மாப்ள. அவருக்கு எப்போ பிரேக்க எடுப்பீங்க?"

"அது அவரே கேட்டு வாங்கினது, பெரியவரே."

"அவரு கேட்டது ஒரு நாளு. நீங்க குடுத்துக்கினே இருக்கீங்க."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

"பாருங்க. நான் இந்தப் பக்கம் வாரத்துல மூணு தடவ வருவேன். நானும் பாக்கறேன்."

பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா, "டிரைவரே, வண்டிய எடுப்பியா மாட்டியா? எம் மீனு நாறுது!" என்று கத்தினாள். மாமனார் ஏறி உட்கார்ந்தார். 'அப்பவே சொன்னேன்' என்பதை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வழியாக வரும்போதெல்லாம், கேட்டுக்கு எதிரே வேகத்தைக் குறைத்து, ஆரனை நீளமாக அழுத்திவிட்டுப் போவார். உள்ளே எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்களாம். கிரேன்காரர் வந்து சொல்வார்.

ஆரனால் நடந்ததா, அந்தப் புது ஆள் எழுதிய கேட் பாஸ்களால் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. புரட்டாசி முடியும்போது ஒரு திங்கட்கிழமை ரேக்கில் என் பெயரில் ஓர் அட்டை இருந்தது. பழைய இடத்தில் இல்லை, கடைசி வரிசையில். புது அட்டை, புது எண். முன்பு செய்த வேலை எதுவும் அதில் சேராது. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அங்கே வேலைக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. என்னுடைய பழைய மேஜையில் உட்கார்ந்து, அவன் மாற்றி எழுதியவற்றை எல்லாம் சரிசெய்யவே அந்த நாள் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"டெம்பரவரியா?"

"டெம்பரவரிதான்."

"அப்போ அடுத்த பிரேக் எப்போ?"

"தெரியாது" என்றேன்.

"பொய். ரயில்லயே கணக்குப் போட்டிருப்பீங்க."

போட்டிருந்தேன். "பங்குனி. கடைசி வாரம்" என்றேன்.

அவள் சுவரிலிருந்த காலண்டரை எட்டி எடுத்து, தாள்களைத் தூக்கி, அந்த வாரத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அப்போ அந்த வாரத்துல நாம ஒண்ணும் வெச்சிக்க வேணாம்."